வீட்டுக்குப் பின்னால் ஒரு பழைய நீச்சல் குளம்: வாசகர் கேள்வி – பதில்

பிறர் பயன்படுத்திய நீச்சல் குளத்தை வாங்கி வீட்டுத் தோட்டத்தில் அமைத்துக்கொள்வது குறித்துச் சென்னை வாசகர்கள் சிலர் எழுதியிருக்கிறார்கள். கேள்விகள் ஒன்றையொன்று தொட்டுச் செல்வதால் இந்த இதழில் இந்தப் பகுதியை முழுவதும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். பதில் எழுதுபவர் கட்டடப் பொறியாளர்.

கேள்வி: ஐயா, ஈஞ்சம்பாக்கத்தில் வசிக்கும் எங்கள் உறவினர் வீட்டைக் காலி செய்துகொண்டு வெளிநாடு செல்கிறார். அவரிடம் 15 அடி விட்டமும் 4 அடி உயரமும் உள்ள வட்டத் தொட்டி ஒன்று இருக்கிறது. இரும்புச் சட்டத்தில் லைனர், அதாவது தண்ணீரைத் தாங்கும் பி.வி.சி. உறை, மாட்டிய வகை. மூன்று கோடைக் காலம் பயன்படுத்தியிருக்கிறார்கள். பாதி விலைக்குத் தருகிறேன் என்கிறார். எங்கள் வீட்டுக்குப் பின்னால் 24 அடிக்கு 30 அடி காலி இடம் இருக்கிறது. அதில் இரண்டு தென்னை மரங்கள், ஒரு போர்வெல், மூலையில் செப்டிக் டேங்க். அடிமண் களிமண், வெள்ளத்துக்குப் பிறகு கட்டட இடிபாடுகளைக் கொட்டி இரண்டடி உயர்த்தியிருக்கிறோம். வாங்கலாமா? எதைப் பார்த்து வாங்க வேண்டும், எப்படி நிறுத்த வேண்டும்?
— வாசகி, மடிப்பாக்கம்

பதில்: தொட்டியைப் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள், முதலில் உங்கள் மண்ணைப் பாருங்கள். தொட்டியில் குறை இருந்தால் ஒட்டுப் போடலாம், உதிரிப் பாகம் வாங்கலாம், பேரம் பேசி விலையைக் குறைக்கலாம். நிறுத்தும் இடம் சரியில்லை என்றால் கடையிலிருந்து நேற்று வந்த புதுத் தொட்டியும் நிற்காது.

நீங்கள் சொல்லும் அளவுள்ள தொட்டியை விளிம்புக்கு அரையடி கீழே வரை நிரப்பினால் ஏறக்குறைய 17,000 லிட்டர் பிடிக்கும். அதன் எடை 17 டன். கேட்கும்போது மலைப்பாக இருந்தாலும், அந்த எடை 16 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பரப்பில் விரிந்து இறங்குவதால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு டன்னைச் சற்றே தாண்டுகிறது. இயற்கையாகப் படிந்து இறுகிய மண் எதுவும், உங்கள் பகுதியின் களிமண் உட்பட, அதைத் தாங்கிவிடும். எடை எல்லாப் பக்கமும் ஒரே சீராக இறங்காமல் போவதுதான் சிக்கல். நீங்கள் கொட்டியிருக்கும் இடிபாட்டு மண் இதற்கு மிக மோசமான அடித்தளம். உடைந்த செங்கல்லுக்கும் காரைக்கட்டிக்கும் இடையே கண்ணுக்குத் தெரியாத பொந்துகள் இருக்கும், முதல் பெருமழையில் மண் கரைந்து அவற்றுக்குள் இறங்கும், தொட்டியின் ஒரு பக்கம் தாழும். தாழ்ந்த பக்கத்துக்குத் தண்ணீர் சாயும், அந்தப் பக்கத்துக் கால்கள் கூடுதல் சுமையை வாங்கும், அதனால் மேலும் தாழும். 15 அடி அகலத்துக்கு ஓர் அங்குலத்துக்கு மேல் மட்டம் வேறுபடக் கூடாது. கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் லெவலே, அதாவது தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாயே, இதற்குப் போதும். நீளமான பலகையின் மீது ரசமட்டம் வைத்துப் பார்ப்பது இவ்வளவு அகலத்துக்கு நம்பத்தக்கதல்ல.

ஆகவே தொட்டி நிற்கும் வட்டத்தைச் சுற்றி ஓரடி கூடுதலாக அடையாளமிட்டு, அந்தப் பரப்பில் இடிபாட்டு மண்ணை முழுவதும் அள்ளிவிட்டு, கிரஷர் டஸ்ட்டை (கருங்கல் தூளை) அரையடி அரையடியாகக் கொட்டி, ஒவ்வொரு அடுக்கையும் தண்ணீர் தெளித்துத் திமிசுக்கட்டையால் இடித்து உயர்த்துங்கள். அதன் மேல் சிமென்ட், மணல், ஜல்லி ஒன்றுக்கு நான்குக்கு எட்டு என்ற கலவையில் நான்கு அங்குல பி.சி.சி. (கம்பியில்லாத கான்கிரீட்) போட்டுவிட்டால் களிமண் கோடையில் வெடிப்பதும் மழையில் உப்புவதும் தொட்டியை அதிகம் அசைக்காது. இந்தச் செலவு வேண்டாம் என்று வெறும் மணலைப் பரப்பி அதன் மேல் நிறுத்துகிறவர்கள் உண்டு. இறுகிய செம்மண் தரையில் அது சரியாகவும் இருக்கலாம். உங்கள் இடத்துக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். அதற்குக் களிமண் மட்டும் காரணமல்ல, பெருச்சாளியும் காரணம். சென்னையில் செப்டிக் டேங்க் உள்ள தோட்டத்தில் பெருச்சாளி இல்லாமல் இருப்பது அரிது. மணல் படுக்கைக்குள் அது வளை தோண்டினால் தொட்டியின் அடியில் பள்ளம் விழுந்து, லைனர் அந்த இடத்தில் பை போலத் தொங்கத் தொடங்கும்.

கோரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். புல்தானே, மேலே தொட்டி வந்தால் செத்துவிடும் என்று நினைக்காதீர்கள். கோரையின் முளை ஊசி போல மேலெழும்பி பி.வி.சி. லைனரைத் துளைத்துக்கொண்டு வரும். கிழங்கோடு தோண்டி எடுக்காவிட்டால், ஓட்டை எங்கே என்று தேடிக்கொண்டே இருப்பீர்கள். பி.சி.சி. போட்டால் இந்தக் கவலையும் பெரும்பாலும் தீரும். அதன் மேல் ஒரு விரிப்பு வேண்டும். பழைய ஃபிளெக்ஸ் பேனர்கள் இரண்டு அடுக்கு போதும், ஆனால் ஓரத்தில் உள்ள பித்தளை வளையங்களை வெட்டி எடுத்துவிடுங்கள். தொட்டியின் கால்கள் ஒவ்வொன்றின் கீழும் ஓரடிச் சதுரக் கடப்பா கல் ஒன்றைத் தரைமட்டத்தில் பதியுங்கள். இல்லையென்றால் கால் ஊன்றும் சிறு பரப்பில் பி.சி.சி. நொறுங்கும்.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதில், செப்டிக் டேங்க் மூடியின் மேலோ அதன் ஓரத்திலோ கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. தென்னையின் மட்டையும் நெற்றும் விழும் வட்டத்துக்கு வெளியே இருக்க வேண்டும். ஒரு காய்ந்த மட்டை செங்குத்தாக விழுந்தால் லைனர் கிழியும், குளிப்பவர் தலையில் விழுந்தால் என்ன ஆகும் என்பதை எழுத வேண்டாம். காம்பவுண்டுச் சுவரிலிருந்து நான்கடியாவது தள்ளி நிறுத்துங்கள். சுவரில் ஏறித் தொட்டிக்குள் குதிக்கும் ஆசை பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு வராமல் இருக்கவும், என்றாவது தொட்டி சரிந்தால் 17 டன் தண்ணீர் நேராக அந்த நாலரை அங்குலச் சுவரில் மோதாமல் இருக்கவும் இந்த இடைவெளி உதவும். மின்வாரியக் கம்பி தலைக்கு மேல் போகும் இடம் எந்த நிலையிலும் கூடாது. இத்தனையும் கழித்த பிறகு 24க்கு 30 அடியில் ஒரே ஓர் இடம்தான் மிஞ்சும். அதுவும் மிஞ்சுகிறதா என்று கயிறு பிடித்து வட்டம் போட்டுப் பாருங்கள். மிஞ்சாவிட்டால் 12 அடித் தொட்டியைத் தேடுவது நல்லது.

இனித் தொட்டியைப் பற்றி. தண்ணீரோடு நிற்கும் நிலையில் பார்க்க முடிந்தால் பாருங்கள். கழற்றிச் சுருட்டி மூட்டையாக வைத்திருப்பதைப் பார்த்து விலை பேசாதீர்கள். பி.வி.சி. லைனருக்கு நெகிழ்வைத் தரும் சேர்மானம் வெயிலிலும் குளோரினிலும் மெல்ல வெளியேறிவிடும், பிறகு அது அட்டை போல விறைக்கும். மடிப்பு விழுந்த கோட்டில் விரலால் மடக்கிப் பாருங்கள். வெண்மையாக வெளுத்தாலோ மெல்லிய விரிசல் தெரிந்தாலோ அந்த லைனரின் காலம் முடிந்தது என்று கொள்ளலாம். தண்ணீர் மட்டத்துக்கு மேலே உள்ள ஒரு சாண் அகலப் பட்டைதான் முதலில் கெடும், அதனால் முதலில் அங்கே பாருங்கள். இரண்டு மூன்று ஒட்டுகள் இருப்பது குற்றமல்ல. ஆனால் அடிப்பாகமும் பக்கச் சுவரும் சேரும் தையலில் ஒட்டு இருந்தால் வாங்காதீர்கள், அந்த இடத்தில்தான் தண்ணீரின் அழுத்தம் முழுவதும் இருக்கும்.

இரும்புச் சட்டத்தில் குழாய்களின் நடுப்பகுதி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். துரு பிடிப்பது குழாய்கள் கூடும் 'டி' இணைப்புகளின் உட்பக்கத்தில். தொட்டி ஈஞ்சம்பாக்கத்தில் மூன்று கோடை நின்றது என்கிறீர்கள். கடற்காற்றின் உப்பு அங்கே சும்மா இருந்திருக்காது. ஒவ்வொரு இணைப்பையும் கழற்றி, விரலை உள்ளே விட்டுப் பாருங்கள். செதில் செதிலாக உதிர்ந்தால் அந்த இணைப்பை மாற்ற வேண்டும். அந்த அளவுக்குரிய உதிரி இணைப்பு தனியாகக் கிடைக்கிறதா என்பதை வாங்குவதற்கு முன்பே விசாரியுங்கள். இணைப்பு ஊசிகள், லைனரின் தண்ணீர் வெளியேறும் அடைப்பான், ஏணியின் திருகுகள் என்று சின்னச் சின்னதாகக் காணாமல் போயிருப்பவை உங்களைப் பாரிமுனைக்கும் புறநகருக்குமாக அலைக்கழிக்கும்.

விலையைப் பொறுத்தவரை, இத்தகைய தொட்டியில் விலை கூடிய பாகம் லைனர்தான். மூன்று கோடை கண்ட லைனருக்குப் பாதி விலை அதிகம் என்றே நான் நினைக்கிறேன். உறவினர் என்பதால் பேசத் தயங்குவீர்கள். தரை வேலைக்கும், தண்ணீர் லாரிக்கும், மின் இணைப்புக்கும் ஆகும் தொகையைக் கணக்குப் போட்டு ஒரு தாளில் எழுதிக் காட்டிவிட்டால் அவரே விலையைக் குறைப்பார்.

கேள்வி: மகாபலிபுரம் சாலையில் மூடப்பட்ட ஒரு விடுதியில் 20 அடி நீளம், 10 அடி அகலம் உள்ள ஃபைபர் குளத்தைத் தோண்டி எடுத்து விற்கிறார்கள். எங்கள் மனை மணற்பாங்கானது. குழி தோண்டி அதைப் பதித்துவிட்டால் போதுமா? அனுமதி வாங்க வேண்டுமா?
— வாசகர், பாலவாக்கம்

பதில்: பதிப்பது எளிது, பதித்தது பதித்த இடத்தில் நிற்க வேண்டுமே, அதில்தான் வேலை இருக்கிறது. உங்கள் மணலில் வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு நிலத்தடி நீர் மிக மேலே வந்துவிடும். குளத்தின் அடிப்பரப்பு ஏறக்குறைய 18 சதுர மீட்டர். நிலத்தடி நீர் அந்த அடிமட்டத்துக்கு மேல் ஓரடி உயர்ந்தாலே 5 டன்னுக்கு மேற்பட்ட விசையோடு அது குளத்தையே மேலே தள்ளும். ஃபைபர் ஓட்டின் சொந்த எடை ஒரு டன்கூட இருக்காது. உள்ளே தண்ணீர் நிறைந்திருக்கும்வரை கவலையில்லை. நவம்பர் மாதத்தில் 'சுத்தம் செய்கிறேன்' என்று யாராவது தண்ணீரை இறைத்துவிட்டால், மறுநாள் காலையில் குளம் கப்பலாக மிதந்து மேலே வந்திருக்கும். சுற்றிப் பதித்த டைல்ஸும் குழாய்களும் அதோடு பெயர்ந்திருக்கும். எனவே ஓட்டுக்கு அருகிலேயே, அதன் அடியைவிடச் சற்று ஆழமாக, துளையிட்ட எட்டு அங்குலக் குழாய் ஒன்றைச் செங்குத்தாகப் பதித்து, அதைச் சுற்றி ஜல்லி கொட்டுங்கள். நிலத்தடி நீர் எங்கே நிற்கிறது என்று அதற்குள் பார்க்கலாம், தேவைப்பட்டால் சிறிய சப்மெர்சிபிள் பம்பு போட்டு இறைக்கலாம். குளத்தை எந்தக் காரணத்துக்காகக் காலி செய்வதானாலும் ஏப்ரல், மே மாதங்களில் செய்யுங்கள்.

தோண்டி எடுத்த குளத்தை வாங்கும்போது அது தோண்டப்பட்ட விதத்தையும் பார்க்க வேண்டும். இரண்டு சங்கிலிகளை விளிம்பில் மாட்டிக் கிரேனில் தூக்கியிருந்தால் விளிம்புக்குக் கீழே நீளவாக்கில் விரிசல் இருக்கும். படிக்கட்டின் உட்கோணங்களில் சிலந்தி வலை போன்ற கீறல்கள் மேற்பூச்சில் மட்டும் இருந்தால் சரிசெய்துவிடலாம். பின்பக்கத்தில் நாரிழைகள் பிரிந்து வெளுத்திருந்தால் ஓடே பலமிழந்துவிட்டது. உட்சுவரில் சிறுசிறு கொப்புளங்கள் இருந்தால், ஒன்றைக் குத்திப் பார்க்க உரிமையாளரிடம் அனுமதி கேளுங்கள். புளிப்பு நெடியோடு திரவம் கசிந்தால் தண்ணீர் இழைக்குள் புகுந்துவிட்டது என்று பொருள். அத்தகையதைச் செதுக்கிக் காயவைத்து மறுபூச்சுப் போடும் செலவில் நல்ல நிலையில் உள்ள இன்னொன்றை வாங்கிவிடலாம்.

குழியின் ஆழம் எவ்வளவோ அவ்வளவு தூரமாவது வீட்டின் அஸ்திவாரத்திலிருந்தும் காம்பவுண்டுச் சுவரிலிருந்தும் தள்ளித் தோண்ட வேண்டும். மணலில் குழியின் பக்கங்கள் சரியும் என்பதால் இந்தத் தூரத்திலும் சிக்கனம் காட்டாதீர்கள். குளத்தைக் குழிக்குள் இறக்கிய பிறகு வெளியே மணல் நிரப்புவதும் உள்ளே தண்ணீர் விடுவதும் ஒன்றாக நடக்க வேண்டும், இரண்டின் மட்டமும் ஓரடிக்கு மேல் வேறுபடக் கூடாது. வெளியே முழுவதும் நிரப்பிவிட்டு உள்ளே தண்ணீர் விட்டால் சுவர் உள்நோக்கிக் குழிந்திருக்கும், பிறகு அது நிமிராது.

கொண்டுவருவதிலும் ஒரு சட்டச் சிக்கல் உண்டு. மோட்டார் வாகன விதிப்படி சாலையில் செல்லும் வண்டியின் அகலம் பொதுவாக 2.6 மீட்டருக்குள், அதாவது எட்டரை அடிக்குள் இருக்க வேண்டும். உங்கள் ஓடு 10 அடி. படுக்கையாக ஏற்றாமல் சாய்த்து நிறுத்தி ஏற்றுவார்கள், அப்போது உயரம் கூடிவிடும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பிரச்சினை இருக்காது. அதிலிருந்து உங்கள் தெருவுக்குள் திரும்பியதும் கேபிள் கம்பிகளும் மின்கம்பிகளும் தாழத் தொங்கும். முன்பணம் கொடுப்பதற்கு முன்பு, லாரிக்காரரையும் கிரேன்காரரையும் தெருவுக்கு அழைத்துவந்து காட்டுங்கள்.

அனுமதியைப் பற்றிக் கேட்டீர்கள். தரைக்குள் பதிப்பது கட்டுமானம்தான். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 வீட்டைச் சுற்றி விடச் சொல்லும் திறந்தவெளியும் உங்கள் வரைபட அனுமதியும் இதில் சம்பந்தப்படுகின்றன. மனையின் வரைபடத்தில் குளத்தைக் குறித்து, பதிவுபெற்ற பொறியாளர் மூலம் மண்டல அலுவலகத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டு தோண்டுங்கள்.

கேள்வி: எங்களுக்குத் தோட்டம் இல்லை. மொட்டை மாடியில் மூன்றடி ஆழத் தொட்டி வைக்கலாமா? கட்டி எட்டு ஆண்டுகளே ஆன உறுதியான வீடு.
— வாசகர், விருகம்பாக்கம்

பதில்: வேண்டாம். மனிதர் நடமாடும் மொட்டை மாடிக்கு இந்தியத் தர நிர்ணயத்தின்படி எடுத்துக்கொள்ளப்படும் சுமை சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ. மூன்றடித் தண்ணீர் சதுர மீட்டருக்கு 900 கிலோ. வீடு புதியதா பழையதா என்பது இந்த ஆறு மடங்கு வேறுபாட்டை மாற்றாது. மாடியில் சின்டெக்ஸ் தொட்டி நிற்கிறதே என்று கேட்பீர்கள். அது 1,000 லிட்டர், அதையும் தூண் அல்லது சுவருக்கு நேர் மேலேதான் வைக்கச் சொல்வோம். பிள்ளைகளுக்காக என்றால், கணுக்கால் அளவு தண்ணீர் பிடிக்கும் காற்றடைத்த சிறு தொட்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: தண்ணீர் லாரிக்குக் காத்திருந்த நகரத்தில் நீச்சல் குளம் வைப்பது நியாயமா என்று என் கணவர் கேட்கிறார். எங்கள் போர்வெல் தண்ணீர் சற்று மஞ்சளாக வரும். அதை நிரப்பலாமா? குளோரின் எவ்வளவு போட வேண்டும்? எங்களுடையதும் 15 அடி வட்டத் தொட்டிதான்.
— வாசகி, அம்பத்தூர்

பதில்: தங்கள் கணவரின் கேள்வி சரியான கேள்வி. நகரங்களில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று கணக்கிடுகிறார்கள். அந்தக் கணக்கில் 17,000 லிட்டர் என்பது நான்கு பேர் கொண்ட குடும்பத்தின் ஒரு மாதத் தண்ணீர். 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் ஏறக்குறைய வறண்டபோது நாம் எல்லோரும் குடத்தோடு நின்றோம். என் கருத்து இது: ஒருமுறை நிரப்பிய தண்ணீரை ஓர் ஆண்டு காப்பாற்றத் தெரிந்தால் குளம் வைக்கலாம், பச்சை பூத்தவுடன் திறந்துவிட்டு மறுபடியும் லாரிக்குச் சொல்கிற வீட்டில் வைக்கக் கூடாது. மழைக்காலத்தில் மாடித் தண்ணீரை வடிகட்டி இதற்குள் விடலாம். முதல் இரண்டு மழையின் தூசித் தண்ணீரை மட்டும் வெளியே விட்டுவிடுங்கள். கோடையில் நாளொன்றுக்கு ஐந்தாறு மில்லிமீட்டர் ஆவியாகும், உங்கள் தொட்டிக்கு அது சுமார் 100 லிட்டர். பயன்படுத்தாத நேரத்தில் மூடி போட்டால் அதில் பெரும்பகுதி மிச்சமாகும்.

மஞ்சள் நிறம் பெரும்பாலும் இரும்புச் சத்து. அந்தத் தண்ணீரில் குளோரின் போட்டவுடன் அது தேநீர் நிறத்துக்கு மாறுவதைப் பார்த்து மருந்து கெட்டுவிட்டது என்று பலர் பயப்படுகிறார்கள். கரைந்திருந்த இரும்பு துருவாகப் பிரிந்திருக்கிறது, அவ்வளவுதான். படிகாரத்தைக் கரைத்து ஊற்றி, பம்பை நிறுத்தி ஓர் இரவு விட்டால் அடியில் படியும். காலையில் குழாய் வைத்து அடிவண்டலை மட்டும் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். இரும்பு மிகுதி என்றால் பழைய லைனரில் கறை ஏறி நிற்கும், அப்போது லாரித் தண்ணீர்தான் வழி.

குளோரினின் கணக்கு எளிது. 1,000 லிட்டருக்கு ஒரு கிராம் குளோரின் என்றால் அது பத்து லட்சத்தில் ஒரு பங்கு. குளத்தில் அது ஒன்றிலிருந்து மூன்று பங்குக்குள் இருக்க வேண்டும். 17,000 லிட்டரில் இரண்டு பங்கு உயர்த்த 34 கிராம் தேவை. கடையில் வாங்கும் பிளீச்சிங் பவுடரில் நல்ல நிலையில் 30 சதவீத அளவில் குளோரின் இருப்பதால் ஏறக்குறைய 110 கிராம் பவுடர். திறந்த மூட்டை சென்னையின் ஈரக்காற்றில் வேகமாக வீரியம் இழக்கும், எனவே சிறு பொட்டலமாக வாங்குங்கள். வாளித் தண்ணீரில் பவுடரைக் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்த பிறகு தெளிந்ததை மட்டும், பொழுது சாய்ந்த பிறகு ஊற்ற வேண்டும். பகலில் ஊற்றினால் வெயில் சில மணி நேரத்தில் பாதிக்கு மேல் தின்றுவிடும். தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 7.2க்கும் 7.8க்கும் இடையில் இல்லாவிட்டால் எவ்வளவு குளோரின் போட்டும் பயனில்லை, சோதனைப் பெட்டி ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய குளத்தோடு விற்பவர் மிச்ச மருந்து டப்பாக்களையும் இலவசமாகத் தருவார். அதை வாங்கிக்கொள்ளாதீர்கள். டி.சி.சி.ஏ. எனப்படும் குளோரின் வில்லைகளும், கால்சியம் ஹைப்போகுளோரைட் என்னும் குளோரின் குருணையும் பார்க்க ஒன்றுபோல் வெள்ளையாக இருக்கும். இரண்டும் ஒரே டப்பாவில் கலந்து ஈரம் பட்டால் தீப்பிடிக்கலாம், வெடிக்கலாம். கழிவறை ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் கலந்தால் வரும் வாயு நுரையீரலைக் கெடுக்கும். பெயரெழுதாத டப்பாவை வீட்டுக்குள்ளேயே விடக் கூடாது.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து திரும்பிய நண்பர் தன் குளத்தையும் வடிகட்டும் பம்பையும் தருகிறார். பம்பில் 110–120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று எழுதியிருக்கிறது. டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டலாமா?
— வாசகர், வேளச்சேரி

பதில்: வோல்டை டிரான்ஸ்ஃபார்மர் குறைக்கும், ஹெர்ட்ஸை அது மாற்றாது. நம் 50 ஹெர்ட்ஸில் அந்த மோட்டார் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும், கூடுதலாகச் சூடேறும். தண்ணீருக்குப் பக்கத்தில் இப்படியொரு ஏற்பாட்டை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். குளத்தை மட்டும் வாங்கிக்கொண்டு பம்பை இங்கேயே வாங்குங்கள். குளத்தின் முழுத் தண்ணீரும் எட்டு மணி நேரத்தில் ஒருமுறை வடிகட்டியைக் கடக்க வேண்டும் என்று வைத்து, லிட்டர் கணக்கை எட்டால் வகுத்தால் உங்களுக்குத் தேவையான பம்பின் அளவு கிடைக்கும். குழாய் வாய் பொருந்தாவிட்டால் ஹோஸ் கிளிப்பும் ரெடியூசரும் எந்த ஹார்டுவேர் கடையிலும் உண்டு.

பம்பும் பிளக் பாயின்டும் தொட்டியின் விளிம்பிலிருந்து மூன்றரை மீட்டருக்கு அப்பால் இருக்கட்டும். அந்த லைனுக்கென்று தனியாக 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டதும் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) போடுங்கள், எர்த்திங்கை உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு அளந்து பாருங்கள். வீட்டுக்குள்ளிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸை இழுத்துத் தோட்டத்தில் போட்டு ஓட்டுவது நம் ஊரில் சாதாரணமாக நடப்பது. அதைச் செய்யவே செய்யாதீர்கள்.

கேள்வி: மகன் பழைய குளம் ஒன்றை வாங்கி வந்திருக்கிறான். எனக்கு இரண்டு பயங்கள்: ஒன்று பேரக்குழந்தைகள், மற்றொன்று டெங்கு கொசு. வயதானவளின் வீண் பயம் என்கிறான்.
— வாசகி, கொளத்தூர்

பதில்: இரண்டும் வீண் பயமல்ல, அம்மா. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சுத்தமான, தேங்கிய தண்ணீரில்தான் முட்டையிடும். ஏழு முதல் பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும். பம்பு ஓடி, குளோரின் சரியாக இருக்கும் குளத்தில் அது வளராது. மூடியின் மேல் தேங்கும் மழைநீரிலும், பாதி காலியாகக் கிடக்கும் தொட்டியிலும் வளரும். உங்கள் மகனிடம் இதைச் சொல்லுங்கள்: ஏடிஸ் முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டு, தண்ணீரே இல்லாமல் மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரியும். வேறொரு வீட்டில் மழையில் கிடந்த தொட்டி என்றால், நிரப்புவதற்கு முன் உட்புறம் முழுவதையும் முரட்டுப் பிரஷ்ஷால் பிளீச்சிங் கரைசல் விட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். மாநகராட்சியின் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் வந்து புழுவைக் கண்டால் அபராதமும் உண்டு.

குழந்தைகள் விஷயத்தில் நான் இன்னும் கடுமையாகச் சொல்வேன். சிறு குழந்தை ஓரிரு நிமிடங்களில், சத்தமே இல்லாமல், ஒரு சாண் தண்ணீரில் மூழ்கிவிடும். கூச்சல் கேட்டு ஓடிவரலாம் என்று நம்ப முடியாது. தொட்டியைச் சுற்றி நான்கடிக்குக் குறையாத வேலி வேண்டும். கால் வைத்து ஏற இடம் தராத நெடுக்குக் கம்பிகளாகவும், கதவு தானே மூடித் தாழிட்டுக்கொள்வதாகவும் இருக்க வேண்டும். குளித்து முடித்தவுடன் ஏணியை எடுத்து வீட்டுக்குள் வைத்துப் பூட்டச் சொல்லுங்கள். தொட்டியை ஒட்டிப் பம்பு, நாற்காலி, பூந்தொட்டி எதுவும் இருக்கக் கூடாது, எல்லாமே குழந்தைக்குப் படிதான். மிதக்கும் பொம்மைகளைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டு வரக் கூடாது, அதை எடுக்கத்தான் குழந்தை போகும். கைகளில் மாட்டும் காற்று வளையங்கள் விளையாட்டுப் பொருளே ஒழியப் பாதுகாப்புக் கருவியல்ல. குழந்தைகள் தண்ணீரில் இருக்கும் நேரம் முழுவதும் பெரியவர் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில், கையில் செல்பேசி இல்லாமல், இருந்தாக வேண்டும். அதற்கு ஆள் இல்லை என்றால் அந்தக் குளம் உங்கள் வீட்டுக்கு இப்போது வேண்டாம்.

கேள்வி: பத்து வயது மகளுக்கு நீச்சல் போட்டிகளில் ஆர்வம். 15 அடித் தொட்டி பயிற்சிக்குப் போதுமா?
— வாசகர், ஆதம்பாக்கம்

பதில்: போதாது. இரண்டு கை வீச்சில் சுவர் வந்துவிடும். 1995-இல் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளுக்காகக் கட்டப்பட்ட வேளச்சேரி நீச்சல் வளாகம் உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 50 மீட்டர் குளத்தில் பயிற்சியாளரிடம் சேருங்கள். தொட்டிக்கு வைத்திருக்கும் பணம் பல ஆண்டுக் கட்டணத்துக்கு வரும்.

கேள்வி: சட்டத் தொட்டியை மழைக்காலத்தில் அப்படியே விடலாமா, கழற்றி வைப்பதா? தண்ணீரை எங்கே விடுவது?
— வாசகர், போரூர்

பதில்: தரை மட்டமாக இருந்து, பம்பையும் ஓட்டுவதாக இருந்தால் நிரப்பியபடியே விடலாம், காலியாக மட்டும் நிறுத்தாதீர்கள், புயல்காற்று தூக்கிவிடும். விளிம்பிலிருந்து ஓரடி குறைத்து வையுங்கள். 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. பெய்தது; அத்தகைய நாளில் ஓரடி இடமும் போதாது, மழை நடுவே குடையோடு போய் அடைப்பானைத் திறக்க ஒருவர் வேண்டும்.

கழற்றுவதாக இருந்தால் செப்டம்பரிலேயே செய்யுங்கள், லைனர் காய மழையில்லாத நாட்கள் வேண்டும். குளோரின் போடுவதை நிறுத்தி நான்கைந்து நாள் வெயிலில் விட்டால் அது தானே போய்விடும். பிறகு அந்தத் தண்ணீரைத் தென்னைக்கும் வாழைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக விடலாம், மீதியைக் கழுவுவதற்கு வைத்துக்கொள்ளலாம். வடிகட்டியைக் கழுவிய அழுக்குத் தண்ணீரை மழைநீர் சேகரிப்புக் குழிக்குள் விடாதீர்கள், அது நேராக உங்கள் கிணற்றுக்குப் போகும். லைனரை இருபுறமும் துடைத்து நிழலில் முழுவதும் உலர்த்தி, முகப்பவுடர் தூவி, கூர்மையாக மடிக்காமல் தளர்வாகச் சுருட்டி, எலி புகாத பிளாஸ்டிக் டிரம்முக்குள் போட்டு மூடுங்கள். பரணில் வெறுமனே வைத்தால் எலி கடித்துவிடும், தகரக் கொட்டகையில் வைத்தால் வெப்பத்தில் ஒட்டிக்கொள்ளும். குழாய்கள் ஒவ்வொன்றிலும் அது எந்த இணைப்புக்கு உரியது என்று அழியாத மையால் எண் எழுதிக் கட்டி வையுங்கள். அடுத்த மார்ச்சில் மாட்டும்போது அந்த எண்கள் பாதி நாள் வேலையை மிச்சமாக்கும்.